வண்டிய தூக்குறதுக்கு முன்னாடி அடியில சுண்ணாம்பு பூசிப் பாருங்க

எங்க பக்கத்துல யாராச்சும் ஒரு ஜிம்னியோ பழைய ஹைலக்ஸ் பிக்கப் கெப்போ வாங்கிட்டா டயர்ல காத்து இருக்கான்னு பாக்குறதுக்கு முன்னாடியே "அண்ணே எத்தன இன்ச் தூக்கலாம்"ன்னுதான் கேக்குறானுங்க. தூக்குறதுன்னா ஸ்ப்ரிங், ஷொக்க மாத்தி வண்டியோட ஒசரத்த கூட்டுறது. நானும் அப்புடி கேட்டவன்தான். 2 இன்ச்சுக்கு மேல வேணாம்னு சொன்ன கராஜ் பாஸ்கிட்ட சண்ட போட்டுட்டு இன்னொரு கராஜ்ல கொண்டுபோய் என் பழைய ஹைலக்ஸ் எல்என்106 கெப்புக்கு 4 இன்ச் போட்டு, ஒன்றர வருசம் சீரழிஞ்சு, திரும்ப காசு செலவழிச்சு எறக்கினவன். இலங்கையில 2020 மார்ச்ல வாகன எறக்குமதிய நிப்பாட்டி 2025ல தொறந்து விடுற வரைக்கும் இருந்தத வச்சே ஓட்டின ஊரு இது, கையில இருக்குற வண்டிய ஒடச்சுக்கிட்டா அடுத்தது லேசுல கெடைக்காது. அதனால மொதல்ல எதுக்கு தூக்குறோம்னு பாப்போம், எப்புடி தூக்குறதுன்னு பொறவு பாப்போம்.

லயத்து செவுத்துக்கு அடிக்கிற சுண்ணாம்பு கொஞ்சம் கரைச்சு எடுத்துக்கங்க. வண்டிக்கு அடியில படுத்து முன் டிஃப், பின் டிஃப் (எக்சல்ல உருண்டையா தொங்குற டிஃபரன்ஷியல் கியர் பெட்டி), கியர் பொக்ஸ தாங்குற குறுக்குச் சட்டம், ஷொக் அப்சோபரோட கீழ் பிராக்கெட், எக்ஸோஸ்ட் குழாய், கதவுக்கு கீழ ஓடுற விளிம்பு, முன் பம்பரோட கீழ் மூலை ரெண்டும், பின்னால இழுக்குற ஹூக், எல்லாத்துலயும் நல்லா பூசி காய விடுங்க. பொறவு நீங்க வழக்கமா போற மோசமான ரோட்டுல வழக்கமா ஏத்துற சாமான், ஆளு எல்லாத்தோடயும் மெதுவா ஒரு தடவ போயிட்டு வாங்க. காலி வண்டியில போயிட்டு "எங்கயும் தட்டல"ன்னு சொல்லாதீங்க, நாலு பேரும் கேஸ் சிலிண்டரும் அரிசி மூட்டையும் ஏறினா பின்பக்கம் எவ்வளவு உக்காரும்னு உங்களுக்கே தெரியும். திரும்பி வந்து பாத்தீங்கன்னா எங்க வெள்ளை போயிருக்கோ அங்கதான் உங்க பிரச்சின. எங்க செம்மண்ணுல இது அச்சு மாதிரி பளிச்சுன்னு தெரியும்.

தோட்ட ரோட்டுல ஓடுற வண்டின்னா பெரும்பாலும் வெள்ளை போயிருக்குறது டிஃப்லதான். கொழுந்து லொறியும் டிராக்டரும் ஓடி ஓடி ரெண்டு பக்கமும் பள்ளமாகி நடுவுல புல்லோட ஒரு மேடு நிக்குமே, அதுலதான் டிஃப் போய் ஒரசுது. இங்கதான் நெறய பேரு ஏமாந்து போறது. ரெண்டு பக்க டயரையும் ஒரே தண்டு சேக்குற முழு எக்சல் இருக்குற வண்டியில, அதாவது ஜிம்னி, பழைய டிஃபெண்டர், மிட்சுபிஷி 4டிஆர்5 ஜீப், எல்என்106 மாதிரி வண்டியில, ஸ்ப்ரிங் எக்சல்லதான் நிக்குது, அத எவ்வளவு ஒசத்தினாலும் ஸ்ப்ரிங்குக்கு மேல இருக்குற சேசியும் பொடியும்தான் மேல போகும், டிஃப் ஒரு நூல் கூட அசையாது. டிஃப் மேல வரணும்னா பெரிய டயர் போடணும், லேசான வேற வழி கெடையாது. அதுலயும் டயர் எவ்வளவு ஒசரமோ அதுல பாதிதான் டிஃப்புக்கு சேரும். 2018க்குப் பொறவு வந்த 1.5 லீட்டர் ஜிம்னிக்கு கம்பனி டயர் 195/80 ஆர் 15, மொத்த ஒசரம் கிட்டத்தட்ட 693 மி.மீ. அதுக்கு 235/75 ஆர் 15 போட்டா 733 வரும், 40 மி.மீ. கூடுது, ஆனா டிஃப் ஏறுறது 20 மி.மீ.தான், ரெண்டு விரல் அகலம் கூட இல்ல. அந்த 20ஐ எடுக்கத்தான் இவ்வளவு பாடு. ஹைலக்ஸ் வீகோ, ரெவோ மாதிரி முன்னால தனித்தனி சஸ்பென்ஷன் இருக்குற கெப்ல முன் டிஃப் சேசியோட சேத்து பூட்டியிருக்கும், அதனால தூக்கினா அதுவும் சேந்து ஏறும், பின் டிஃப் மட்டும் அதே எடத்துல கெடக்கும்.

வெள்ளை போனது குறுக்குச் சட்டத்துலயோ கதவுக்கு கீழ விளிம்புலயோ இருந்தா அப்பத்தான் சஸ்பென்ஷன் லிஃப்டுக்கு வேல வருது. ஓஹியவுல இருந்து உடவேரிய தோட்டம் வழியா பம்பரகந்த நீர்வீழ்ச்சிப் பக்கம் களுபஹனைக்கு எறங்குற பாதையில, டெவில்ஸ் ஸ்டெயார்கேஸ்ன்னு சொல்லுற அந்த படிக்கட்டு ரோட்டுல போனவங்களுக்கு இது புரியும். முன் டயர் கல்லு தாண்டி எறங்கியிருக்கும், பின் டயர் இன்னும் மேல இருக்கும், வயிறு மட்டும் நடுவுல கல்லுல உக்காந்துக்கும். இதுல ஒசரத்த விட முன் டயருக்கும் பின் டயருக்கும் உள்ள தூரம்தான் பெரிய ஆளு. ஒரு கணக்கு பாருங்க, ரெண்டு வண்டிக்கும் வயிறு தரையில இருந்து 250 மி.மீ. ஒசரத்துல இருக்குன்னு வச்சுக்குவோம். வீல்பேஸ் 3085 மி.மீ. உள்ள வீகோ டபுள் கெப் கிட்டத்தட்ட 18 பாகை மேட்டத்தான் வயிறு ஒரசாம தாண்டும், 2 இன்ச் தூக்கினா 22 ஆகும். வீல்பேஸ் 2250 உள்ள ஜிம்னி தூக்காமலே 25 பாகை தாண்டும். டபுள் கெப் வச்சிருக்குற மச்சான்மார் ஜிம்னிக்காரனோட போட்டி போட்டு 4 இன்ச் தூக்குறத பாத்தா எனக்கு சிரிப்புதான் வருது, 4 இன்ச் தூக்கினாலும் ஜிம்னி தூக்காமலே தாண்டுற அந்த 25 பாகையத்தான் எட்டும், ஒரு கல்ல எடுத்து பள்ளத்துல போட்டுட்டு போறதுதான் புத்தி.

பம்பர் மூலையும் பின் ஹூக்கும் தட்டுதுன்னா மொடக்குல தண்ணி ஓடுற கான் தாண்டுற எடத்துலதான் தட்டியிருக்கும். பம்பர் மூலைய வெட்டி விட்டாலே பாதி சரியாயிடும். எக்ஸோஸ்ட் மட்டும் தட்டுதுன்னா குழாய கொஞ்சம் மேல வளைச்சு வெல்டிங் பண்ணிக்கங்க, அரை நாள் வேல, அதுக்குப் போயி லிஃப்ட் கிட் வாங்காதீங்க.

தூக்குறதுக்கு இன்னும் ரெண்டு காரணம் இருக்கு. ஒண்ணு, பெரிய டயர் போட்டா அது மட்காட்ல ஒரசாம இருக்க எடம் வேணும், டிஃப்புக்கு டயர்னா டயருக்கு லிஃப்ட்னு ஒண்ண ஒண்ணு இழுத்துக்கிட்டு வரும். இன்னொண்ணு டயர் எவ்வளவு கீழ தொங்கும்ங்குறது. ஒரு டயர் பள்ளத்துல எறங்குறப்போ அது தரைய விடாம தொட்டுக்கிட்டு இருந்தாத்தான் இழுவை இருக்கும், அந்தரத்துல தொங்கினா லொக் இல்லாத டிஃப் எல்லா பவரையும் அந்த தொங்குற டயருக்கே குடுத்து சும்மா சுத்த விட்டுரும். நீளமான ஷொக் போட்டு, ரொம்ப கட்டியா இல்லாத ஸ்ப்ரிங் போட்டா டயர் நல்லா கீழ போகும். நம்மாளுங்க என்ன பண்ணுறாங்கன்னா பழைய ஷொக்க அப்புடியே வச்சுக்கிட்டு ஸ்ப்ரிங்குக்கு மேல ஒரு ஸ்பேசர வைக்கிறாங்க. வண்டி பாக்க ஒசரமா இருக்கும், ஆனா ஷொக் ஏற்கனவே பாதி நீண்டு போயிருக்குறதால டயர் முன்ன விட சீக்கிரமே அந்தரத்துல தொங்கும். காசு குடுத்து வண்டிய கெடுத்துக்குற வேல.

இதுல டோர்ஷன் பார் கதைய, அதாவது ஸ்ப்ரிங்குக்கு பதிலா முறுங்குற இரும்புத் தண்டு கதைய, தனியா சொல்லணும், பழைய பஜேரோ, பழைய எல்200 வச்சிருக்குறவங்க கவனமா கேளுங்க. முன்னால ஒரு போல்ட்ட முறுக்கினா வண்டி ஏறிரும், காசே செலவில்ல, "ஃப்ரீ லிஃப்ட்"ன்னு சொல்லுவாங்க. ஏறுறது உண்மைதான், ஆனா முறுக்க முறுக்க வீல தாங்குற சஸ்பென்ஷன் கை கீழ போயி ஸ்டொப்ல முட்டிக்கிட்டு நிக்கும், ஒரு சின்ன பள்ளத்துல எறங்கினாலும் டக்கு டக்குன்னு அடிக்கும், வீலுக்கு பவர் கொண்டுபோற சிவி ஜொயின்ட் கோணலா ஓடி அதோட ரப்பர் உறை கிழிஞ்சு சேறு உள்ள போயிரும். 1 இன்ச்சுக்கு மேல அதுல கை வைக்காதீங்க.

பிளேட் பிளேட்டா அடுக்கின லீஃப் ஸ்ப்ரிங் வண்டின்னா வளைவு கூட வச்ச புது செட் போடுறது நல்லது, இல்லன்னா ஒரு பிளேட் கூட்டலாம், ஆனா பிளேட் கூட்டினா காலியா போறப்போ முதுகெலும்பு பேசும். பின்னால எக்சலுக்கும் பிளேட்டுக்கும் நடுவுல இரும்பு பிளொக் வைக்கிறது மலிவு, 2 இன்ச் வரைக்கும் தாங்கும். நான் வச்சது 4. எங்க தோட்டத்து மேல் பிரிவு, அந்த மேக்கணக்கு ஏத்தத்துல மொத கியர்ல அக்சிலேட்டர மிதிச்சதும் டிஃப் மூக்க மேல தூக்கிக்கிட்டு பிளேட்ட எஸ் மாதிரி முறுக்கும், விட்டதும் படார்னு கீழ வரும், ஆறு மாசத்துல கிராஸ் ஜொயின்ட் ரெண்டு போச்சு. முன் எக்சலுக்கு மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் பிளொக் வைக்காதீங்க, பிரேக் புடிக்கிறப்போ வர்ற முறுக்கத்துக்கு அது நழுவினா ஸ்டியரிங் உங்க கையில இருக்காது. பொடி லிஃப்ட்னு ஒண்ணு இருக்கு, சேசிக்கும் பொடிக்கும் நடுவுல கட்டை வச்சு பொடிய மட்டும் ஏத்துறது. டயருக்கு எடம் கெடைக்கும், சேசி இருந்த எடத்துலயே இருக்கும், அதனால வயிறு தட்டுற பிரச்சினைக்கு அது மருந்தில்ல.

இனி தூக்கினா என்ன போகும்னு பாப்போம். மொத விசயம் சரிவு. ரெண்டு பக்க டயருக்கும் நடுவுல 1400 மி.மீ., வண்டி பாரத்தோட நடுப்புள்ளி தரையில இருந்து 700 மி.மீ.ன்னு வச்சா, கணக்குல அது 45 பாகை சரிவு வரைக்கும் நிக்கும். அந்தப் புள்ளி 50 மி.மீ. ஏறினா 43, 100 ஏறினா 41. நாலு பாகைதானேன்னு நெனைக்காதீங்க, மேல்பக்க டயர் ஒரு 10 செ.மீ. கல்லுல ஏறினாலே இன்னொரு நாலு பாகை சாஞ்சிரும், அது போக ஸ்ப்ரிங் ஒரு பக்கம் அமுங்கும், ஓரத்து மண்ணு நனைஞ்சு எளகும், கூரையில ராக் வச்சு சாமான் கட்டியிருந்தா அதுவும் இழுக்கும், எல்லாம் சேந்தா நெசத்துல 30 பாகைக்கே வயிறு கலங்கிரும். எங்க ரோட்டுல ஒரு பக்கம் மல, ஒரு பக்கம் தேயில பள்ளம், ரோடே பள்ளத்துப் பக்கம் சாஞ்சுதான் கெடக்கும். 4 இன்ச் போட்ட கெப்ப ஒரு மழ நாள்ல எதுத்தாப்புல வந்த கொழுந்து லொறிக்கு வழி விட ஓரத்துக்கு எடுத்தேன், மேல்பக்க முன் டயர் லேசா தூக்கிச்சு, பக்கத்துல இருந்த எங்க மாமா கதவத் தொறந்து எறங்கி நடந்தே வீட்டுக்கு போயிட்டாரு, பொறவு அந்த கெப்ல அவரு ஏறவே இல்ல.

ரெண்டாவது பிரேக். இது யாரும் சொல்லித் தர மாட்டாங்க. பழைய ஹைலக்ஸ்ல பின் எக்சலுக்கும் சேசிக்கும் நடுவுல ஒரு கம்பியோட ஒரு வால்வு இருக்கும், வண்டியில பாரம் ஏறி பின்பக்கம் அமுங்கினா பின் பிரேக்குக்கு கூட பிரஷர் விடும், காலியா ஒசந்து இருந்தா கொறைச்சிரும். நீங்க சேசிய தூக்கினதும் அது "ஓ வண்டி காலி"ன்னு நெனச்சுக்கிட்டு பின் பிரேக்க கொறைச்சிரும். நான் மரக்கறி மூட்ட ஏத்திக்கிட்டு ரம்பொடை எறக்கத்துல வந்தப்போ முன் பிரேக் மட்டும் புடிச்சு புடிச்சு வீல் பொகஞ்சு நாத்தம் அடிச்சுச்சு. எத்தன இன்ச் தூக்குறீங்களோ அந்த வால்வு கம்பிய எக்சல்ல பூட்டியிருக்குற பிராக்கெட்டையும் அந்த அளவுக்கு ஒசத்தணும், அதுக்குன்னே துண்டு பிராக்கெட் செஞ்சு போடலாம். பிரேக் ஹோஸ் நீளம் பத்துதான்னும் பாக்கணும், நிக்கிறப்போ பத்தும், டயர் தொங்குறப்போ விண்ணுன்னு இழுபடும்.

பெரிய டயர் போட்டவங்களுக்கு இன்னொரு எறக்கத்துப் பிரச்சின இருக்கு. டயர் பெருத்தா கியர் நீண்ட மாதிரி, ரெண்டாங் கியர்ல விட்டா முன்ன மாதிரி எஞ்சின் புடிச்சு நிப்பாட்டாது, நீங்க பிரேக்க கூட மிதிப்பீங்க. ஏத்தத்துலயும் மூச்சு வாங்கும், நுவரெலியா 1868 மீட்டர் ஒசரம், அங்க காத்து கடலோரத்த விட ஆறுல ஒரு பங்கு மெல்லிசு, டர்போ இல்லாத டீசல் எஞ்சின் ஏற்கனவே திணறிக்கிட்டு இருக்கும். ஸ்பீட் மீட்டரும் பொய் சொல்லும், மேல சொன்ன ஜிம்னி டயர்ல 60 காட்டுறப்போ நெசத்துல 63, 64ல போயிக்கிட்டு இருப்பீங்க.

லைட்டையும் மறக்காதீங்க. நானுஓயா, ஹக்கல பக்கம் மிஸ்ட் எறங்குன நேரத்துல தூக்கின வண்டியோட லைட் நேரா மிஸ்ட்டுக்குள்ள அடிச்சு உங்க கண்ணையே கட்டிப் போடும், எதுக்க வர்றவன் திட்டுறது தனி. சமமான எடத்துல செவுத்துல இருந்து 5 மீட்டர் தள்ளி நிப்பாட்டி, லைட்டோட நடு ஒசரத்த செவுத்துல டேப் ஒட்டி குறிச்சு, லோ பீமோட மேல் கோடு அதுக்கு 5 செ.மீ. கீழ விழுற மாதிரி ஸ்க்ரூவ திருப்பிக்கங்க.

இவ்வளவும் கேட்டுட்டு இன்னும் தூக்கணும்னு இருந்தா 2 இன்ச்சோட நிப்பாட்டுங்க. ஜிம்னி மாதிரி கொயில் ஸ்ப்ரிங், முழு எக்சல் வண்டின்னா வீட்டுலயே ரெண்டு பேர் ஒரு ஞாயித்துக்கெழம செய்யலாம். வீகோ, ரெவோ முன் ஸ்ப்ரிங்க மட்டும் வீட்டுல தொடாதீங்க, அது ஷொக்கோட சேந்து அமுக்கி வச்ச ஸ்ப்ரிங், கம்ப்ரெஸர் கருவி நழுவினா மொகத்துலதான் அடிக்கும், கராஜ்ல குடுத்துருங்க.

மொதல்ல நாலு வீல்லயும் வீல் நடுப்புள்ளியில இருந்து மட்காட் விளிம்பு வரைக்கும் அளந்து எழுதி வைங்க, தரையில இருந்து அளந்தா டயர் காத்துக்கு தகுந்த மாதிரி மாறும். நம்ம மழைக்கு போல்ட் எல்லாம் துரு புடிச்சு கல்லு மாதிரி இருக்கும், ரெண்டு நாள் முன்னாடியே எண்ணெய் அடிச்சு ஊற விடுங்க. சிமெந்து தரையில நிப்பாட்டி மத்த வீலுக்கு கட்டை போட்டு, ஜேக்கால தூக்கி, ஸ்டேண்ட சேசிக்கு அடியில வைங்க, எக்சலுக்கு அடியில வச்சா எக்சல எறக்க முடியாது. வெறும் ஜேக்க நம்பி அடியில தல வைக்கவே கூடாது, செங்கல்லும் கூடாது. எக்சலுக்கு அடியில இன்னொரு ஜேக் நிக்கட்டும். ஷொக்கோட கீழ் போல்ட், ஸ்டெபிலைசர் லிங்க், எக்சல் பக்கவாட்டுல நகராம புடிக்கிற பான்ஹார்ட் ரொட், பிரேக் ஹோஸ் கிளிப், ஏபிஎஸ் வயர் கிளிப் எல்லாம் கழட்டிட்டு, டிஃப்ல இருந்து மேல போற மூச்சுக்குழாயையும் பாத்துக்கிட்டு, எக்சல மெதுவா எறக்குங்க, ஒருத்தர் கண்ணு பிரேக் ஹோஸ்லயே இருக்கணும். கொஞ்சம் எறங்குனதும் ஸ்ப்ரிங் கையாலயே வெளிய வந்துரும். புதுச போடுறப்போ முன்னுக்கு எது பின்னுக்கு எதுன்னு கூட வந்த வெவரச் சீட்டப் பாத்து போடுங்க, ஸ்ப்ரிங்கோட நுனி கிண்ணத்துல சரியா உக்காரணும், கூடவே நீளமான ஷொக்.

பான்ஹார்ட் ரொட் திரும்ப பூட்டுறப்போ ஓட்டை நேரா வராது, ஏன்னா வண்டி ஏறினதும் எக்சல் ஒரு பக்கம் நகந்திருக்கும், ஒருத்தர் பொடிய தள்ளிப் புடிக்க இன்னொருத்தர் போல்ட்ட விடணும், இல்லன்னா நீளம் கூட்டிக் கொறைக்கிற ரொட் வாங்குங்க. ரப்பர் புஷ் இருக்குற போல்ட் ஒண்ணையும் வண்டி அந்தரத்துல இருக்குறப்போ கடைசி முறுக்கு முறுக்காதீங்க, தரையில எறக்கி பாரம் ஏறின பொறவுதான் முறுக்கணும், இல்லன்னா புஷ் எப்பவும் முறுங்கியே நின்னு சீக்கிரம் கிழியும். முன் எக்சல் லேசா சுத்தியிருக்குறதால ஸ்டியரிங்க நேரா நிக்க வைக்கிற காஸ்டர் கோணம் கொறஞ்சு ஸ்டியரிங் நெளிஞ்சுக்கிட்டு ஓடும், அதுக்கு காஸ்டர் புஷ் போடணும், அது பிரஸ் மெஷின் இருக்குற கராஜ் வேல.

முடிஞ்சதும் ரோட்டுக்கு போகாதீங்க. ஒரு வீல மேட்டுல ஏத்தி மத்தது தொங்குற மாதிரி நிப்பாட்டி, ஸ்டியரிங்க ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சு, ஹோஸ் இழுபடுதா, டயர் எங்கயாச்சும் ஒரசுதா, புரொப்பெல்லர் ஷாஃப்ட் எதுலயாச்சும் முட்டுதான்னு டோர்ச் அடிச்சு பாருங்க. பொறவு அலைன்மென்ட், அதுக்குப் பொறவு 100 கி.மீ. ஓடினதும் எல்லா போல்ட்டையும் ஒரு தடவ திரும்ப முறுக்கணும். லீஃப் வண்டின்னா யூ போல்ட் புதுசாத்தான் போடணும், பழசு ஒருக்கா நீண்டது நீண்டதுதான். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துலயும் இன்சூரன்ஸ் கம்பனியிலயும் வேல தொடங்குறதுக்கு முன்னாடியே கேட்டுக்கங்க, அடிபட்ட பொறவு கேட்டா பதில் வேற மாதிரி வரும்.

சேறுன்னா லிஃப்ட விட டயர் காத்துதான் ஒதவும், 30 பிஎஸ்ஐல ஓடுற டயர 20க்கு எறக்கிப் பாருங்க, ஏறாத ஏத்தம் பாதி ஏறிரும், திரும்ப அடிக்க ஒரு சின்ன பம்ப் மட்டும் வண்டியில இருக்கட்டும்.

என் கெப் இப்ப 2 இன்ச்சுல நிக்கிது, பின்னால பிளொக் இல்ல, புது லீஃப் செட். போன மழைக்குப் பொறவு திரும்ப சுண்ணாம்பு பூசி மேக்கணக்கு வரைக்கும் போயிட்டு வந்தேன், குறுக்குச் சட்டம் வெள்ளையா அப்புடியே இருந்துச்சு, டிஃப்ல கொஞ்சம் போயிருந்துச்சு, பின் ஹூக்குல மட்டும் வழிச்சு எடுத்த மாதிரி ஒண்ணுமே இல்ல. ஹூக்க மறுநாளே வெட்டி மேல வச்சு வெல்டிங் பண்ணியாச்சு.